சூட்டில் முரண்டு பிடிக்கும் பழைய கார்... பெட்ரோல் அதிகமா, பெட்ரோலே இல்லையா?

காலையில் முதல் செல்ஃபிலேயே உறுமிக்கொண்டு கிளம்புகிறது அம்பாசிடர். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி மார்க்கெட் வரை ஒரு குறையும் இல்லை. காய்கறி வாங்கக் கால் மணி நேரம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பின் சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, ஆட்டோ பிடிச்சுடலாமா?" என்கிறாள். பக்கத்துக் கடைக்காரர், "தள்ளணுமா சார்?" என்று எழுந்து வருகிறார். முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, அதே வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது!

கார்புரேட்டர் வைத்த பழைய கார் இருக்கும் வீட்டில் இந்தக் காட்சி புதிதல்ல. அம்பாசிடர், ஃபியட், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய மாருதி 800... வண்டி எதுவானாலும் புகார் ஒன்றுதான். 'ஆறிப்போயிருந்தா ஸ்டார்ட் ஆகுது, சூடா இருந்தா ஆக மாட்டேங்குது.'

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், போன இடத்திலிருந்து திரும்பி வருமா என்று தெரியாத வண்டியை யார் வெளியே எடுப்பார்கள்? முதலில் கல்யாணத்துக்கு எடுப்பதில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்கு எடுப்பதில்லை. அப்புறம் வாசலில் கவர் போட்டு நிற்கும். ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசுவார். அப்பா வாங்கிய வண்டி, அக்காவைக் கல்யாணக் கோலத்தில் ஏற்றிப்போன வண்டி, 'வயசாயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையில் வீட்டை விட்டுப் போய்விடும்.

வயது இதற்குக் காரணம் இல்லை என்பதுதான் கொடுமை. இது சூட்டால் வரும் கோளாறு. கண்டுபிடித்தால் பெரும்பாலும் சில நூறு ரூபாய்ப் பொருளிலும் ஒரு நாள் வேலையிலும் முடிந்துவிடும்.

அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல்

வண்டி ஓடும்போது இன்ஜின் பக்கத்துச் சூட்டைக் கட்டுக்குள் வைக்க மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ரேடியேட்டர் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஃபேன் காற்றை இழுத்து அடிக்கிறது. மூன்றாவது ஆள் பெட்ரோல். டேங்கிலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும் பெட்ரோல், கார்புரேட்டருக்குள் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கையில் ஒரு துளி பெட்ரோல் பட்டால் ஜில்லென்று இருக்குமே, அதே சங்கதி. குளிர்ப் பிரதேசங்களில் இந்தக் குளிர்ச்சியாலேயே ஓடுகிற வண்டியின் கார்புரேட்டருக்குள் பனி படிவது உண்டு.

சாவியைத் திருப்பி அணைத்த கணத்தில் இந்த மூன்று பேரும் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், இன்ஜின் என்கிற இரும்புக் கட்டி சூடாகத்தான் இருக்கிறது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதைவிடச் சூடு. ஓடும்போது அதன் வெப்பம் சில நூறு டிகிரி. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் மாவை ஊற்றினால் வேகத்தானே செய்யும்? அந்த மாதிரி, அணைத்த இன்ஜினின் சூடு மெல்ல மேலே ஏறுகிறது. மேலே உட்கார்ந்திருப்பது கார்புரேட்டர். அதன் மிதவைக் கிண்ணத்தில், அதாவது ஃப்ளோட் சேம்பரில், கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கிறது.

அம்பாசிடரில் இது கூடுதல் தொல்லை. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைப்பு. அதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியும், புகை வெளியே வரும் வழியும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சோலெக்ஸ் கார்புரேட்டரோ எஸ்.யூ. கார்புரேட்டரோ, எது இருந்தாலும் அது தணலுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறது. 1961-லிருந்து நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இதே அமைப்புதான்.

பெட்ரோல் தண்ணீரைப் போல ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் அல்ல. பல திரவங்களின் கலவை அது. லேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். சென்னையில் கத்திரி வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் பானட்டுக்குள் என்ன நிலைமை இருக்கும்? அணைத்த வண்டியில் கார்புரேட்டர் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

இந்தச் சூடு உச்சத்துக்கு ஏறப் பத்து, இருபது நிமிடம் ஆகும். அதனால்தான் பெட்ரோல் பங்க்கில் ஒரு நிமிடம் அணைத்துப் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு மணி நேரம் நிறுத்தினாலும் ஸ்டார்ட் ஆகிறது. நடுவில், அந்தப் பத்து நிமிடத்துக்கும் முக்கால் மணிக்கும் இடையில்தான் சண்டித்தனம். மார்க்கெட், கோயில், ரேஷன் கடை, டாக்டர் வீடு... நம் வேலைகள் எல்லாமே சரியாக அந்த நேரத்துக்குள்தான் முடிகின்றன!

ஒரே அறிகுறி, இரண்டு நோய்

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு விஷயங்களில் ஏதோ ஒன்று நடந்திருக்கலாம்.

முதலாவது, பொங்கி வழிவது. அடுப்பில் வைத்த பால் மாதிரி, கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து, குமிழிகள் கிளம்பி, ஜெட் வழியாகப் பெட்ரோலை இன்ஜினின் வாய்க்குள் தள்ளிவிடுகிறது. யாரும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே உள்ளே பெட்ரோல் வெள்ளம். தீப்பொறி கொடுக்க வேண்டிய ப்ளக் நனைந்து கிடக்கிறது. பெட்ரோலுக்கு ஏற்ற அளவு காற்று இல்லை. மெக்கானிக் பாஷையில், 'ஓவர் ஆயிடுச்சு'.

இரண்டாவது, வறண்டுபோவது. இந்த வண்டிகளில் டேங்க் பின்னால் இருக்கும். பெட்ரோலை இழுத்து வரும் பம்ப் முன்னால், சூடான இன்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு 'ஏசி பம்ப்' என்று பெயர். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பம்ப் செய்த கம்பெனியின் பெயரில் ஒட்டிக்கொண்டது. பம்ப் இழுக்கும்போது அதன் பின்னால் இருக்கும் பைப்பில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பைப்புக்குள் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிற்கும். பம்ப் திரவத்தைத் தள்ளத்தான் லாயக்கு. ஆவியைக் கொடுத்தால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு மேலே ஏறாது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் வராமல் நிற்குமே, அதன் பெட்ரோல் அவதாரம் இது. பெயர் 'வேப்பர் லாக்'.

ஊட்டி மலைப் பாதையில் பழைய வண்டிகள் நின்றுபோவதற்கும் இதுவே காரணமாக இருப்பதுண்டு. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஊட்டியில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். பெட்ரோலுக்கும் அதே விதி. கூடவே, முதல் கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்குள் காற்றோட்டமும் கிடையாது.

இரண்டிலும் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷம். வண்டி பிடிக்கவில்லை என்றதும் நம் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை 'சதக் சதக்' என்று மிதிக்கிறது, கை சோக்கை இழுக்கிறது. ஏற்கெனவே பொங்கி நனைந்து கிடக்கும் இன்ஜினுக்கு இது இன்னொரு குடம் பெட்ரோல். அப்புறம் பேட்டரி தீரும் வரை சுற்ற வேண்டியதுதான்.

மறுநாள் பேட்டரி மாற்றுவார்கள். சரியாகாது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். அதுவும் இல்லை. கார்புரேட்டர் ஓவர்ஹால், புது காயில், புது ப்ளக்... ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் ஆவடி மார்க்கெட் வாசலில் அதே கூத்து. பழைய வண்டிகள் விலைக்குப் போவதில் இந்தக் கண்ணைக் கட்டிய வைத்தியத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

மூக்கும் காதும் போதும்

வண்டி மறுக்கும் அந்த நிமிடத்திலேயே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் காது. செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இல்லை 'உர்ர்... உர்ர்...' என்று முக்குகிறதா? முக்கினால் பிரச்னை பெட்ரோலில் இல்லை. பேட்டரி முனை, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயர், தேய்ந்த செல்ஃப் மோட்டார் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூட்டில் மின்தடை கூடும். ஆறிய பிறகு தப்பித்துக்கொள்ளும் பலவீனங்கள் சூட்டில் மாட்டிக்கொள்ளும். டைமிங் அதிகமாக முன்னால் வைத்திருந்தாலும் சூடான இன்ஜின் செல்ஃபை எதிர்த்து உதைக்கும்.

அடுத்து மூக்கு. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பானட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது என்றால், பொங்கி வழிந்திருக்கிறது. வாடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வறண்டிருக்க வாய்ப்பு அதிகம். பம்புக்குப் பக்கத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபில்டர் இருந்தால் எட்டிப் பாருங்கள். காலியாகவோ வெறும் குமிழிகளாகவோ இருந்தால் சந்தேகம் உறுதி.

சோலெக்ஸ் கார்புரேட்டர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் க்ளீனரைக் கழற்றி, தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் ஒருமுறை அசையுங்கள். மெல்லிய பெட்ரோல் பீச்சல் தெரிந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. தெரியாவிட்டால் கிண்ணம் காலி. எஸ்.யூ. கார்புரேட்டரில் பீச்சும் பம்ப் கிடையாது; அங்கே இந்தச் சோதனை செல்லாது. சோதிக்கும் நேரத்தில் பக்கத்தில் சிகரெட், ஊதுபத்தி, வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் எதுவும் வேண்டாம்.

வாடையும் இல்லை, கிண்ணத்தில் பெட்ரோலும் இருக்கிறது, செல்ஃபும் சரி. அப்படியும் பிடிக்கவில்லையா? அப்போது தீப்பொறி மேல் சந்தேகப்படலாம். இக்னிஷன் காயிலும், சிபி பாயின்ட்டோடு இருக்கும் கண்டன்சரும் சூட்டில் மட்டும் செத்து, ஆறியதும் உயிர்த்துக்கொள்ளும் ரகம். விலை குறைவான கண்டன்சர் ஒன்று, பெரிய மெக்கானிக்குகளையே ஒரு வாரம் அலைய விட்டுவிடும். ஆனால் ப்ளக் வயரைக் கழற்றித் தீப்பொறி பார்க்கும் வேலையைப் பெட்ரோல் வாடை இருக்கும்போது ஒருபோதும் செய்யக் கூடாது. அதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

நடுரோட்டில் என்ன செய்யலாம்?

வாடை அடிக்கிறது என்றால்: சோக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே முறை, மெதுவாக, அடிவரை மிதித்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது; ஒவ்வொரு மிதிக்கும் சோலெக்ஸ் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சும். முழுக்கத் திறந்த வழியில் நிறையக் காற்று போய், தேங்கிய பெட்ரோலை அடித்துச் செல்லும். பத்து நொடிக்கு மேல் செல்ஃபை அழுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓய்வு கொடுத்து இன்னொரு முறை. இருமிக்கொண்டு, கறுப்புப் புகை விட்டுப் பிடிக்கும். பிடித்ததும் காலை மெல்ல எடுங்கள். கீழே பெட்ரோல் சொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் செல்ஃபையே தொடக் கூடாது. சாவியை எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

வாடை இல்லை, வறட்சி என்றால்: பானட்டைத் திறந்து வையுங்கள், பொறுங்கள். அவசரம் என்றால் பழைய டாக்ஸி டிரைவர்களின் வைத்தியம் இருக்கிறது. ஈரத் துணியைப் பிழிந்து பம்பின் மேலும் பெட்ரோல் பைப்பின் மேலும் சுற்றுவது. ஆவி குளிர்ந்து மறுபடி பெட்ரோலாகிவிடும். துணியைப் பிழிய வேண்டும் என்பது முக்கியம். தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டரில் சொட்டினால் புதுப் பிரச்னை. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். மேலே கண்ணாடிக் கிண்ணம் வைத்த பம்ப் என்றால் அந்தக் கண்ணாடியில் ஈரம் படக் கூடாது. சில பம்புகளின் அடியில் கையால் அடிக்கும் சின்ன நெம்புகோல் இருக்கும். அதை இருபது, முப்பது தடவை அடித்தால் கிண்ணம் நிறைந்துவிடும். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. பாட்டிலில் பெட்ரோல் எடுத்து கார்புரேட்டர் வாயில் ஊற்றிக்கொண்டே, "அடிங்க சார் செல்ஃபை!" என்று கத்துவது. ஊருக்கு ஊர் இதை வித்தையாகச் செய்து காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். இன்ஜின் ஒருமுறை திருப்பி வெடித்தால் சுடர் கார்புரேட்டர் வழியாகவே வெளியே வரும். ஊற்றுகிறவரின் கையில் திறந்த பெட்ரோல் பாட்டில். அப்புறம் நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சீட்டுக்கு அடியில் சின்னத் தீயணைப்பான் ஒன்று வைத்துக்கொள்வது ஆடம்பரம் அல்ல. ரேடியேட்டர் மூடியையும் சூட்டில் திறக்காதீர்கள்.

காணாமல்போன தகடு

நிரந்தரத் தீர்வுக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், இந்த வண்டிகளைச் செய்தவர்களுக்கு இந்தச் சூட்டுப் பிரச்னை நன்றாகவே தெரியும். அதற்கான தடுப்பையும் வைத்துத்தான் அனுப்பினார்கள். நாற்பது வருடப் பட்டறை வாசத்தில் அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருக்கின்றன.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் தடிமனான ஒரு பேக்கலைட் துண்டு இருக்க வேண்டும். குக்கர் கைப்பிடியில் இருக்கும் அதே வகைப் பொருள், சூட்டைக் கடத்தாது. ஏதோ ஓர் ஓவர்ஹாலில் அது விரிசல் விட்டிருக்கும், கிடைக்கவில்லை என்று மெல்லிய காகித பேக்கிங் வைத்து முடித்திருப்பார்கள். வண்டி நன்றாக ஓடும். சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. அதே போல, கார்புரேட்டருக்குக் கீழே சூட்டை மறைக்கும் தகடு ஒன்று சில மாடல்களில் உண்டு. 'கடகடன்னு சத்தம் வருது' என்று கழற்றி எறியப்பட்டிருக்கும். என்னைக் கேட்டால், முதல் செலவு இந்த இரண்டுக்கும்தான்.

இந்த விஷயத்தில் மேற்குச் சென்னைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆவடியில் ராணுவ டாங்கிகளே தயாராகின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. பழைய பேக்கிங்கை மாதிரிக்குக் கொண்டுபோனால், சூடு தாங்கும் தடிமனான துண்டை அதே ஓட்டைகளோடு வெட்டித் தருவார்கள். தகடு அடித்துத் தரவும் ஆள் உண்டு. அசல் உதிரிபாகம்தான் வேண்டும் என்றால் ஜி.பி. ரோடு, அதை விட்டால் புதுப்பேட்டை. முத்தாபுதுப்பேட்டை அல்ல, எழும்பூர் பக்கத்துப் புதுப்பேட்டை! பெயர்க் குழப்பத்தில் ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பழைய வண்டியின் எலும்புக்கூட்டிலிருந்து அசல் துண்டே கிடைக்கும் அதிர்ஷ்டமும் உண்டு.

அடுத்தது பெட்ரோல் பைப். தொழிற்சாலையில் அது எக்ஸாஸ்டிலிருந்து விலகி, கிளிப் போட்டு வளைத்து வைக்கப்பட்டிருக்கும். பிற்பாடு ரப்பர் ஹோஸ் போட்டவர்கள் குறுக்கு வழியில், இன்ஜின் மேலேயே படுக்க வைத்திருப்பார்கள். அதை விலக்கினாலே பாதி நிம்மதி. உலோக ஃபில்டரை இன்ஜின் மேல் தொங்க விடுவதும் அடுப்பு மேல் பாத்திரம் வைப்பதும் ஒன்றுதான். ஹோஸ் உள்ளே வெடித்திருந்தால் பம்ப் பெட்ரோலோடு காற்றையும் இழுக்கும். அது அச்சு அசல் வேப்பர் லாக் போலவே ஏமாற்றும்.

பொங்கி வழியும் வண்டிகளில் மிதவையின் மட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் சற்று உயர்ந்திருந்தாலும் கொதிக்கும்போது வழியும். பாத்திரம் நிறையப் பால் வைத்தால் சீக்கிரம் பொங்குகிற மாதிரி. பெட்ரோலைத் தடுத்து நிறுத்தும் நீடில் வால்வ் தேய்ந்திருந்தாலும் அப்படியே. சோக் கேபிள் முழுதாகத் திரும்பாமல் பாதியில் சிக்கி நிற்பதும் உண்டு. பத்து ரூபாய் எண்ணெயில் தீரும் நோய்.

இன்ஜினே வழக்கத்தைவிடச் சூடாக ஓடினால் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. இங்கே நம் போர் தண்ணீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். கெட்டிலில் வெள்ளையாகப் படியும் உப்பு, ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. வாசல் குழாயில் பிடித்து வருடக் கணக்கில் ஊற்றினால் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் வாங்கி ஊற்றுவது ரேடியேட்டர் மாற்றுவதைவிட மலிவு. டைமிங் பின்தங்கி இருந்தாலும் எக்ஸாஸ்ட் தகிக்கும். ஃபேன் பெல்ட்டைச் சொல்லவே வேண்டாம்.

எத்தனால்தான் காரணமா?

இப்போது எந்தப் பழைய வண்டிக்காரரிடம் பேசினாலும் பழி எத்தனால் மேல்தான் விழுகிறது. பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ-20, 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. இன்று பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

பழியில் கொஞ்சம் உண்மை உண்டு. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் பெட்ரோலோடு சேரும்போது, கலவையின் ஒரு பகுதி அதைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய அளவு ஜெட் வழியாகப் போகும் கலவை சற்று 'இளைத்து' எரியும். பழைய ரப்பர் ஹோஸும் பம்பின் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பும், வெடிக்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக் கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்குக்கும் நல்லதல்ல.

ஆனாலும், முழுப் பழியையும் அதன் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. எத்தனால் வருவதற்குப் பல காலம் முன்பே டாக்ஸி டிரைவர்கள் ஈரத் துணியோடு திரிந்தவர்கள்தானே! பேக்கலைட் துண்டு இல்லாத வண்டி, எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் பொங்கத்தான் செய்யும். எத்தனாலைத் திட்டுவதைவிட, அதைத் தாங்கும் ஹோஸும் பம்ப் கிட்டும் கேட்டு வாங்கி மாற்றுவதுதான் உருப்படியான வேலை. ஹோஸ் கசிவு, ஸ்டார்ட் பிரச்னையைவிடப் பெரிய ஆபத்தும்கூட.

எலெக்ட்ரிக் பம்ப் போடலாமா?

இன்றைய கார்களில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இழுப்பதில்லை, தள்ளுகிறது. அதுவும் சுமார் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில். குக்கருக்குள் அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்பது போல, அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் கிண்ணமும் அங்கே கிடையாது.

அதே தத்துவத்தில், பழைய வண்டியின் டேங்குக்குப் பக்கத்தில் சின்ன எலெக்ட்ரிக் பம்ப் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேப்பர் லாக் அநேகமாகத் தீரும். ஆனால் கார்புரேட்டருக்கு ஏற்ற 2 முதல் 4 பி.எஸ்.ஐ. பம்ப்தான் வேண்டும். புதுக் கார் பம்பை மாட்டினால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வெளியே கொட்டும். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் தானாக நிற்கும்படி, ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகவோ அதற்கென உள்ள ரிலே வழியாகவோ இணைக்க வேண்டும். சாவியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்து, 'முடிஞ்சுது சார்' என்று சொல்லும் எலெக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

என் அபிப்பிராயத்தில் இது கடைசி வழி. பொங்கி வழியும் நோய்க்கு இது மருந்தே இல்லை. இன்னும் மோசமாக்கவும் கூடும். இன்னொரு விஷயமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 வருடம் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யாமல் அசல் நிலையில் பராமரிக்கப்படும் கார்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். அந்த எண்ணம் இருப்பவர்கள் எதைக் கழற்றினாலும் பத்திரப்படுத்தி வையுங்கள். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான். அதனால் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்கு அது ஒத்து வராது.

செலவே இல்லாத ஒரு பழக்கமும் இருக்கிறது. வெயில் நாளில் போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். நிழல் பார்த்து நிறுத்துங்கள். பாதுகாப்பான இடம் என்றால் பானட்டைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். சூடு மேலே போய்விடும். இந்த விஷயத்தில் ஹெரால்டுக்காரர்களுக்கு யோகம். மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதுமே முதலை வாய் போலத் திறந்துகொள்ளும் வண்டி அது. ஒரு காற்றடித்தால் ஆறிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு மெக்கானிக்கிடம் போவதாக இருந்தால், எப்போது போகிறீர்கள் என்பது முக்கியம். நாம் வழக்கமாகக் காலை ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீஸ் போய்விடுவோம். அவர் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஆறிப்போன வண்டியில் சாவியைத் திருப்புவார். முதல் செல்ஃபில் பிடிக்கும். "ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் மேல் தப்பில்லை.

மதியம் இரண்டு மணிக்கு, அரை மணி நேரம் நன்றாக ஓட்டி, சூட்டோடு பட்டறைக்குப் போங்கள். அணைத்துவிட்டு டீ சொல்லுங்கள். இருபது நிமிடம் கழித்து அவர் கையாலேயே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் நிறுத்தினால் மறுக்கிறது, வாடை வந்ததா, செல்ஃப் சுற்றிய வேகம் என்ன, முழுதாக மிதித்தபோது பிடித்ததா என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பானட்டைத் திறந்ததும் முதலில் அந்த பேக்கலைட் துண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.